சனிக்கிழமை சம்பளமும் 3,540 ரூபாயும்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாளர்), செக்கிங், அயர்ன் என்று பனியன் கம்பெனியில் பெரும்பாலானவர்களுக்கு வாரக் கணக்குதான். சிலருக்கு ஷிஃப்ட் கணக்கு, சிலருக்கு பீஸ் ரேட். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள், அந்த ஆர்டருக்கு என்ன ரேட், வாரத்தின் நடுவில் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மாலை ஆறு மணிக்குள் சம்பளக் கவர் தயாராக வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை நானும் என் தம்பியும் கோவையிலிருந்து நடத்துகிறோம். இணையத்தில் இயங்குவது. மாதச் சந்தா 3,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540.

அந்த 3,540 ரூபாய் மாதாமாதம் எங்கள் கணக்குக்கு வந்து சேர்வதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சந்தா முறையில் எதையாவது விற்கத் தொடங்கும் பலர் இதைக் கடைசியாக யோசிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதனால் ஒரு சனிக்கிழமை 62 பேருடைய சம்பளம் மூன்று மணி நேரம் தாமதமானது.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்த திட்டம் எளிமையானது. வாடிக்கையாளர் ஒருமுறை கார்டைப் பதிவு செய்வார், மாதாமாதம் தானாகப் பணம் பிடித்தம் ஆகும், பில் தானாக மின்னஞ்சலில் போகும். கம்பெனிகளில் போய்ப் பேசத் தொடங்கியதுமே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. கம்பெனிக்கென்று தனியாக கார்டு கிடையாது. முதலாளியின் சொந்த கார்டைக் கேட்டால் தயங்குகிறார், அதில் நியாயமும் இருக்கிறது. போதாக்குறைக்கு 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. தானாகப் பிடிக்கும் கார்டு தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ஆனது. எங்கள் மாதச் சந்தா வரம்புக்குள் இருந்தாலும், மூன்று யூனிட்டுக்குச் சேர்த்து வாங்குகிறவர்களும் ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்களும் இதில் மாட்டினார்கள்.

சரி, வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் பிடிக்கும் நாச் மேண்டேட் வாங்கலாம் என்று அடுத்து முயன்றோம். பாலிசி பிரீமியத்துக்கும் வீட்டுக் கடன் தவணைக்கும் பிடிக்கிறார்களே, அதே முறை. பார்ட்னர்ஷிப் கம்பெனிகளில் இரண்டு பேர் கையெழுத்து, கம்பெனி சீல், வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு பொருத்தம் என்று ஒவ்வொரு படிவமும் இழுத்தது. 30 படிவம் கொடுத்ததில் நான்குதான் பூர்த்தியாகித் திரும்பி வந்தன. எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: “பில் அனுப்புங்க, நெஃப்ட் போட்டுடறோம்.”

இப்போது எங்களிடம் இருக்கும் ஏறக்குறைய 180 வாடிக்கையாளர்களில் 140 பேர் இப்படி வங்கிப் பரிமாற்றத்தில்தான் கட்டுகிறார்கள். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனி தன் கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாயையும் தானே பார்த்து அனுப்ப விரும்புவது நல்ல பழக்கம். ஆனால் சந்தா வியாபாரத்துக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் கார்டை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. கார்டில் பிடித்தம் ஆனதா இல்லையா என்பதற்கு அந்த நொடியே பதில் வந்துவிடும். நெஃப்டில் அப்படி இல்லை. பில் நம் பக்கத்திலிருந்து போகிறது, பணம் வேறொரு வழியில், வேறொரு நாளில், சில நேரம் வேறொரு பெயரில் வருகிறது. இரண்டையும் யாராவது சேர்த்து வைக்க வேண்டும். அந்த வேலையை நாங்கள் ஒரு விதியிடம் விட்டிருந்தோம்.

2022 செப்டம்பரில் நடந்தது இது. மாதம் 1-ஆம் தேதி எல்லோருக்கும் பில் போகும். 10-ஆம் தேதி கெடு. அதற்கு மேல் ஒரு வாரம் பார்த்துவிட்டு, 17-ஆம் தேதி காலையில் கட்டாதவர்களின் கணக்கு தானாகப் பூட்டப்படும். வரும் பணத்தைப் பில்லோடு சேர்ப்பதற்குத் தம்பி எழுதி வைத்திருந்த விதி இது: அனுப்பியவர் பெயர் பொருந்தினால் அவர் பில்லில் வரவு வை; பெயர் பொருந்தாவிட்டால், அதே தொகைக்குக் கட்டாமல் இருக்கும் பில்களில் மிகப் பழைய பில்லில் வரவு வை. எழுதியபோது எங்கள் இருவருக்குமே அது சரியாகத்தான் பட்டது.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு தையல் யூனிட். அங்கே கணக்கு பார்க்கும் அண்ணா அறுபதை நெருங்கியவர். செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமையே எங்கள் பணத்தைப் போட்டுவிட்டார். ஆனால் அந்த வாரம் தையல் யூனிட்டின் கணக்கில் இருப்பு குறைவாக இருந்ததால், அதே முதலாளியின் நிட்டிங் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தார். திருப்பூர்ப் பக்கம் இது அன்றாடம் நடப்பது. நிட்டிங் ஒரு பெயரில், தையல் ஒரு பெயரில், எக்ஸ்போர்ட் ஒரு பெயரில் இருக்கும். முதலாளி ஒருவர், பணப்பை ஒன்று. எங்கள் வங்கிக் கணக்கில் வந்து நின்ற வரியில் நிட்டிங் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எங்களுக்கு வாடிக்கையாளர் யாரும் இல்லை. விதி தன் வேலையைச் செய்தது. பல்லடத்தில் வேறொருவரின் ஆகஸ்ட் மாத பில் கட்டப்படாமல் கிடந்தது, அதுவும் 3,540. பணம் அங்கே போய் உட்கார்ந்தது. அன்று ஒரு நாளில் மட்டும் 3,540 ரூபாய் ஒன்பது பேரிடமிருந்து வந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

17-ஆம் தேதி சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கணக்கு பூட்டப்பட்டது. பன்னிரண்டு மணிக்கு அண்ணா சம்பளக் கணக்கைத் திறந்தபோது, ‘தங்கள் சந்தா நிலுவையில் உள்ளது’ என்ற ஒரு வரி மட்டும் திரையில் இருந்திருக்கிறது. நான் பொள்ளாச்சியில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் இருந்தேன், போன் பைக்குள் இருந்தது. தம்பி ஊரில் இல்லை. இரண்டரை மணிக்குப் போனை எடுத்தால் பதினான்கு அழைப்புகள்.

“ஏனுங்க அம்மிணி, ஆறாந்தேதியே போட்டாச்சுங்களே. யூடிஆர் நம்பர் நம்ம நோட்டுல இருக்குதுங்க. இங்க சனம் உக்காந்திருக்குதுங்க” என்றார். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். எந்தத் தேதி, யாருக்கு, எந்த பில், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, யூடிஆர் எண் என்ன என்று ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு வரி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நெஃப்டில் அனுப்பும் ஒவ்வொரு பணத்துக்கும் 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு யூடிஆர் உண்டு. பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் என்றால் 22. உடனுக்குடன் போகும் ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கத்தில் ஓர் எண். அனுப்பியவர் பக்கமும் பெற்றவர் பக்கமும் மாறாமல் இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். அந்த எண்ணை எங்கள் வங்கி வரிகளில் தேடினேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. உடனே கணக்கைத் திறந்துவிட்டேன். ஆனால் அதற்குள் அவர்கள் பீஸ் ரேட் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கையால் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். பாதியில் மாற்றினால் குழம்பிவிடும் என்று அப்படியே முடித்தார்கள். ஆறு மணிக்கு வாங்க வேண்டிய சம்பளத்தை 62 பேர் இரவு ஒன்பது மணிக்கு வாங்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வந்தால்தான் அரிசி பருப்பு வாங்கும் வீடுகள் அதில் இருந்தன. கடைசி டவுன் பஸ்ஸை விட்டவர்களும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை நேரில் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அண்ணா டீ வாங்கிக் கொடுத்தார். “பணம் போறது பெருசில்லைங்க அம்மிணி. போன பணம் எங்க பேர்ல நிக்கோணும்ங்க” என்றார். அப்புறம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பில் அவர் மேசைக்கு வந்ததிலிருந்து பணம் போகிற வரை என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்த்தேன். அதை நாங்கள் முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும்.

பில் முதலில் முதலாளியின் மின்னஞ்சலுக்குப் போகிறது. அவர் அதைத் திறப்பதே இல்லை. அண்ணா வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குகிறார். பிடிஎஃப்பை பிரிண்ட் எடுக்கிறார். ஜிஎஸ்டி எண் சரியா, தமிழ்நாட்டுக்குள் என்பதால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 270, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 270 என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். எங்கள் பெங்களூரு வாடிக்கையாளர் என்றால் அதுவே ஐஜிஎஸ்டி 540 என்று ஒரே வரியாக இருக்க வேண்டும். பிறகு டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். அதன் பிறகுதான் நெட் பேங்கிங். கம்பெனிக் கணக்கு என்பதால் அவர் பணத்தை ‘ஏற்ற’ மட்டும்தான் முடியும். ‘அனுமதி’ கொடுக்க வேண்டியவர் முதலாளி, ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். முதலாளி ஆர்டர் கொடுக்கும் பையரைப் பார்க்க டில்லி போயிருந்தால் பணம் நடுவில் நிற்கும். அண்ணா பக்கத்தில் வேலை முடிந்தது, எங்கள் பக்கத்தில் எதுவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான்கு நாள் போனால் எங்கள் மென்பொருள் அவரைக் கட்டாதவர் பட்டியலில் சேர்த்து, கண்டிப்பான வார்த்தைகளில் ஒரு நினைவூட்டல் அனுப்பும். அதை வாசிக்கும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பத்து ஆண்டுகளாகப் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருப்பவர்.

நெஃப்ட் இப்போது 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், ஞாயிறு உட்பட எந்நேரமும் இயங்குகிறது, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தொகுப்பாகப் போகிறது. பணம் நகரும் வேகத்தில் குறையே கிடையாது. தாமதம் முழுக்க மனிதர்களின் மேசைகளில்தான் நடக்கிறது. அதனால் கெடு தேதியை மேசையைப் பார்த்து வைக்க வேண்டும். “வெள்ளி சனி கெடு வெக்காதீங்க, அன்னிக்கு இருக்கற காசெல்லாம் சம்பளத்துக்குங்க” என்று அண்ணா சொன்னதை அப்படியே விதியாக்கினோம். 10-ஆம் தேதி வெள்ளியோ சனியோ என்றால் கெடு தானாகச் செவ்வாய்க்குத் தள்ளிப் போகும். வெள்ளியும் சனியும் யாருடைய கணக்கும், எத்தனை மாதப் பாக்கி இருந்தாலும், பூட்டப்படாது. வங்கிப் பரிமாற்றத்தில் கட்டுகிறவர்களுக்குத் தானாகப் பூட்டுவதையே நிறுத்திவிட்டோம். யாராவது ஒருவர் போன் செய்து பேசிய பிறகு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

பணத்தைப் பில்லோடு சேர்க்கும் விதியில் ‘மிகப் பழைய பில்’ என்ற வரியை அன்று இரவே தம்பி அழித்தான். பெயர் பொருந்தாத பணம் இப்போது, யாருடையது என்று தெரியும் வரை, சஸ்பென்ஸ் என்ற தனிப் பட்டியலில் நிற்கும். தினமும் காலை பத்து மணிக்கு நான் அந்தப் பட்டியலைப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஐந்தாறு வரிகள்தான் இருக்கும். தெரியாவிட்டால் போன் செய்து கேட்கிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பக்கத்திலும், அவர்களுடைய மற்ற கம்பெனிகளின் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ள ஓர் இடம் சேர்த்தோம். இது எந்தப் பெரிய பில்லிங் மென்பொருளிலும் நான் பார்த்திராத ஒன்று. எங்கள் ஊருக்கு இது இல்லாமல் முடியாது.

அப்போது ஒரு யோசனை வந்தது, பைசாவில் வேறுபாடு வைக்கலாம் என்று. ஒருவருக்கு 3,540.11, இன்னொருவருக்கு 3,540.12 என்று பில் போட்டால் தொகையே அடையாளமாகிவிடும். தம்பிக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் அண்ணாவிடம் கேட்டேன். ஜிஎஸ்டி பிரிக்கும்போது பைசா உதிரியாக வரும், டாலியில் ரவுண்ட் ஆஃப் வரி ஒன்று சேரும், ஆடிட்டர் கேள்வி கேட்பார், முக்கால்வாசிப் பேர் எப்படியும் 3,540 என்றுதான் போடுவார்கள் என்றார். நம் வசதிக்காக 140 கணக்குப் பிள்ளைகளின் புத்தகத்தில் குப்பையைக் கொட்டக்கூடாது என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பதிலாகப் பில்லிலும் திரையிலும் ஒரு பொத்தான் வைத்தோம்: ‘பணம் போட்டாச்சு’. அதை அழுத்தினால் யூடிஆர் எண்ணைக் கேட்கும். போட்டதும் அந்த பில் ‘சரிபார்ப்பில்’ என்று மாறும்; நினைவூட்டல்கள் நின்றுவிடும். பணம் வந்து பொருந்தியதும் ரசீது வாட்ஸ்அப்பில் போகும். ஏமாற்றி ஏதாவது எண்ணைப் போட்டால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிறது, ஒருவர் கூட அப்படிச் செய்யவில்லை. எழுத்துப் பிழைகள் வரும், அவ்வளவுதான்.

ஓர் ஆண்டு கழித்து, விர்ச்சுவல் அக்கவுண்ட் முறைக்கும் போனோம். பணம் வந்து சேர்வது எங்கள் ஒரே கணக்குக்குத்தான். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி கணக்கு எண் அவர்கள் பில்லில் இருக்கும். யார் பெயரிலிருந்து அனுப்பினாலும், எந்த எண்ணுக்கு வந்தது என்பதை வைத்து வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துவிடும். நிட்டிங்கோ எக்ஸ்போர்ட்டோ, கவலை இல்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று தோன்றும். பழைய வாடிக்கையாளர்களை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். புதிய எண்ணை நெட் பேங்கிங்கில் பெனிஃபிஷியரியாக, அதாவது பணம் பெறுபவராக, சேர்க்க வேண்டும், அதற்கும் முதலாளியின் ஓடிபி வேண்டும், சேர்த்த உடனே பெரிய தொகை அனுப்ப முடியாது. அதைவிடப் பெரிது, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்’ என்ற மின்னஞ்சல்தான் மோசடிக்காரர்கள் அனுப்புவது. கவனமான அக்கவுண்டன்ட் அதை நம்பமாட்டார், நம்பவும் கூடாது. அதனால் 140 பேருக்கும் நாங்கள் போன் செய்தோம். சந்தேகப்பட்டுத் திருப்பி எங்கள் பழைய எண்ணுக்கு அழைத்து உறுதி செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. மொத்தமும் மாற ஏழு மாதம் ஆனது.

பில்லில் வங்கி விவரம் எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 இடம் கொண்டது, அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ஓ எழுத்து என்று நினைத்து அடிப்பவர்கள் நிறையப் பேர். எழுத்துரு மாற்றி, பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு வரும்படி செய்தோம். வங்கிகள் இணையும்போது இந்தக் குறியீடே மாறிவிடும். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில், கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு சேர்ந்தது. கொங்குப் பகுதியில் எத்தனையோ கம்பெனிகளின் பில் புத்தகங்களில் அச்சடித்திருந்த குறியீடுகள் மாறின. அதே போல, கணக்கின் பெயர். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு, பில்லில் மென்பொருளின் பெயரை மட்டும் போட்டிருந்தால் அக்கவுண்டன்ட் தயங்குவார். வங்கியில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே பில்லில் இருக்க வேண்டும்.

வரி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதாமாத பில்லின் தேதியை முடிவு செய்வதே அதுதான். பணம் வந்தால்தான் பில் போடுவேன் என்று இருக்க முடியாது. தொடர்ந்து வழங்கும் சேவையில், பணம் கட்ட வேண்டிய தேதி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தத் தேதிக்குள் டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். நாங்கள் மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள். செப்டம்பர் பில் அக்டோபர் 11-க்குள் ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனைக் கணக்கில் ஏற வேண்டும், வரி 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் கட்டினாரா என்று அரசு கேட்காது. ஒரு மாதம் 40 பேர் தாமதித்தால், 540 வீதம் 21,600 ரூபாயை நாங்கள் எங்கள் கையிலிருந்து கட்டுகிறோம். சிறிய நிறுவனத்துக்கு அது ஒருவரின் சம்பளம். பில் எண்ணும் இஷ்டத்துக்கு இருக்க முடியாது: 16 இடத்துக்குள், வரிசையாக, அந்த நிதியாண்டில் மறுபடி வராததாக இருக்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று வரிசை புதிதாகத் தொடங்கும். அன்று அதிகாலை தானாகப் போகும் பில்களைத் தம்பி இப்போதும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறான்.

அப்புறம் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. 3,540 எதிர்பார்த்து இருப்போம், 3,480 வரும். 60 ரூபாய் எங்கே போனது? ஆண்டுத் தொகை 30,000-ஐத் தாண்டியதால் 3,000-இல் 2 சதவீதம் பிடித்திருப்பார்கள். இன்னொருவர் 10 சதவீதம் பிடித்து 3,240 அனுப்புவார். மென்பொருள் சந்தாவை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிக்கக் கூடாது, ஆனாலும் 3,540-க்கே பிடித்து 3,469.20 அனுப்புகிறவர்களும் உண்டு. பில் தொகையும் வந்த தொகையும் ஒன்றாக இருந்தால்தான் ‘கட்டியாச்சு’ என்று காட்டும் மென்பொருளுக்கு இவர்கள் எல்லோரும் கடன்காரர்கள். பில் பக்கத்தில் டிடிஎஸ் என்று ஒரு கட்டம் வைத்து, பிடித்த தொகையை அதில் வரவு வைத்து பில்லை முடிக்க வேண்டும்; பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் துறையில் எங்கள் பெயரில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து அந்த வரம்பு 50,000 ஆகிவிட்டதால் ஒரு யூனிட்காரர்கள் இதிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். அண்ணாவுக்கு அதில் ஒரு பெரிய நிம்மதி.

பாக்கி வசூலில் எங்களுக்கு உண்மையாகவே உதவியது ஒரு சட்டத் திருத்தம். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 2024 மார்ச்சில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதி, “உங்க உத்யம் சர்டிஃபிகேட் அனுப்புங்க” என்பதுதான். நாங்கள் குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் பதிவுச் சான்று அது. எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த சிலரிடமிருந்து மார்ச் கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து சேர்ந்தது. இப்போது பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுகிறோம்.

நினைவூட்டல் கடிதங்களை எல்லாம் நானே திரும்ப எழுதினேன். பழைய வரி: ‘தங்கள் சந்தா நிலுவையில் உள்ளது. உடனடியாகச் செலுத்தவும்.’ புதியது: ‘வணக்கம். செப்டம்பர் பில் 3,540 ரூபாய், எங்கள் கணக்கில் இன்னும் வரவாகவில்லை. அனுப்பியிருந்தால் யூடிஆர் எண்ணை மட்டும் சொல்லுங்கள், நாங்கள் தேடிக்கொள்கிறோம்.’ பணம் வராததற்குக் காரணம் எங்கள் பக்கத்திலும் இருக்கலாம் என்பதை அந்தக் கடிதம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இதற்குப் பதில் எழுதுகிறவர்கள் அதிகம். ‘முதலாளி ஊரில் இல்லை, வியாழக்கிழமை போடுகிறோம்’ என்று ஒரு வரி வந்தால் போதும், வியாழன் வரை நான் அந்தப் பெயரைப் பார்க்கவே தேவையில்லை.

பல்லடத்துக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தவறாக வரவு வைத்திருந்த ஆகஸ்ட் பில்லை மறுபடி ‘கட்டவில்லை’ என்று மாற்ற வேண்டியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே ரசீதும் போயிருந்தது. என்ன நடந்தது என்று போனில் விளக்கினேன். “அட, ரசீது வந்ததும் எங்க புள்ள போட்டிருப்பான்னு நெனச்சேனுங்க” என்றார். மறுநாளே பணம் அனுப்பினார், விவரக் குறிப்பில் பில் எண்ணோடு.

பெருமாநல்லூர் அண்ணா போன தீபாவளியோடு வேலையை விட்டு ஓய்வுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு பி.காம் முடித்த ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் சேர்ந்த வாரம் அண்ணாவே என்னை அழைத்து, ஒருமுறை வந்து திரையைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். போனபோது நீள நோட்டு மேசையில் இருந்தது, புதிய கையெழுத்தில் நான்கு வரிகள் ஏறியிருந்தன. எங்கள் பில்லின் வரியில் யூடிஆர் எண்ணுக்கான இடம் காலியாக இருந்தது. “சார் இன்னும் அப்ரூவ் பண்ணலைங்கக்கா, ஓடிபி வந்ததும் எழுதிடுவேன்” என்றாள். அன்று 9-ஆம் தேதி. நான் கிளம்பி அவிநாசி தாண்டுவதற்குள் போனுக்கு வந்துவிட்டது, 3,540 ரூபாய், நிட்டிங் கம்பெனிக் கணக்கிலிருந்து.